பாட்டிலில் சேரும் இரத்தம்

அம்மாவுக்கு வலது முட்டி மாற்றியபோது கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்கியது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். காலில் போட்ட கட்டுக்குள்ளிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து அதில் சேரும். இரவு முழுக்க அதில் இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. காலையில் நர்ஸ் வந்து அளவைக் குறித்துக்கொண்டு போனார். சில வருடம் கழித்து இடது முட்டியை மாற்றியபோது அப்படி எதுவும் தொங்கவில்லை. அறைக்குக் கொண்டுவந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "டப்பா எங்கடா?" என்பதுதான். கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கும் அதே பயம் இருந்தது.

அந்த டப்பாவில் சேர்ந்தது கெட்ட இரத்தமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மூட்டு மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, அங்கே உலோகப் பாகங்களைப் பொருத்துகிறார்கள். இடையில் பாலிஎத்திலீன் தகடு ஒன்று உட்காரும். எலும்பு வெளியே கல் போல இருந்தாலும் மூட்டை ஒட்டிய உட்பகுதி பஞ்சு மாதிரிதான் இருக்கும். அதன் ஒவ்வொரு கண்ணறையிலும் இரத்தம் உண்டு. இரத்தக் குழாய் அறுந்தால் முடிச்சுப் போடலாம், மின்சூட்டால் பொசுக்கலாம். சீவிய எலும்புப் பரப்பை எங்கே என்று முடிச்சுப் போடுவது? போதாததற்கு, உலோகப் பாகம் சரியான கோணத்தில் உட்கார வேண்டும் என்று பல அறுவைகளில் தொடை எலும்பின் நடுவே துளையிட்டு ஒரு நீளக் கம்பியைச் செலுத்துவார்கள். அந்தத் துளையிலிருந்தும் இரத்தம் கசியும்.

பெரும்பாலும் தொடையில் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை தொடங்கும். அதனால் அறுவை நடக்கும்போது களம் ஏறக்குறைய உலர்ந்து கிடக்கும். பட்டையைத் தளர்த்திய பிறகுதான் கசிவு ஆரம்பிக்கிறது. முதல் சில மணி நேரத்தில் அது அதிகமாக இருக்கும், அப்புறம் குறைந்துகொண்டே வரும்.

இப்படிக் கசிந்த இரத்தம் மூட்டுக்குள் தேங்கினால் முட்டி வீங்கும், வலிக்கும், மடக்க முடியாது. தேங்கிய இரத்தம் கிருமிகளுக்கு நல்ல தீனி. உலோகத்தின் மேல் கிருமி ஒட்டிக்கொண்டு படலமாகப் பரவிவிட்டால், வெறும் ஆண்டிபயாடிக்கால் அதை ஒழிப்பது மிகக் கடினம். சில சமயம் போட்ட மூட்டையே கழற்ற வேண்டிவரும். ஆகவே வடித்துவிடுவதே நல்லது என்று மருத்துவர்கள் நினைத்ததில் தப்பில்லை. வடிகுழாய் மிகப் பழைய கருவி. 1871இல் விக்டோரியா ராணியின் அக்குளில் வந்த சீழ்க்கட்டியை அறுத்த ஜோசப் லிஸ்டர், அதில் ரப்பர் குழாயை வைத்துத்தான் வடித்தார். குழாயோடு உறிஞ்சும் விசையையும் சேர்த்து, காற்றை வெளியேற்றிய பாட்டிலோடு இணைக்கும் முறையை 1954இல் பிரான்சில் ரெடோன் என்ற மருத்துவர் விவரித்தார். 1960களில் எலும்பு அறுவையிலும் அது பரவியது. அம்மாவின் டப்பா அந்த வம்சத்தில் வந்ததுதான். துருத்தியை அமுக்கி மூடிவிட்டால் அது மெல்ல விரியப் பார்க்கும். அந்த விரிவு உள்ளிருப்பதை இழுக்கும்.

இழுக்கிறது என்பதுதான் இங்கே சிக்கல்.

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் என்ன செய்கிறோம்? அழுத்திப் பிடிக்கிறோம். தமனியில் இரத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் பாய்ந்தாலும், நுண்குழாய்களுக்கு வந்து சேரும்போது அது 35க்கும் கீழே இறங்கிவிடும். அதை அடக்க ஒரு விரலின் அழுத்தமே போதும். தைத்து மூடிய முட்டியும் இதே வேலையைத் தானே செய்துகொள்ளும். மூட்டைச் சுற்றியுள்ள உறை, எங்கும் வழியில்லாத ஒரு பை. கசிந்த இரத்தம் அதை நிரப்ப நிரப்ப உள்ளே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கசியும் எலும்புப் பரப்பின் மேல் விரல் வைத்த மாதிரி அமுக்குகிறது. ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறைய நேரம் கிடைக்கிறது.

குழாய் அந்த விரலை எடுத்துவிடுகிறது. எடுப்பதோடு நிற்காமல் மேலும் உறிஞ்சவும் செய்கிறது. அதனால், நின்றிருக்க வேண்டிய கசிவு இன்னும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. பாட்டில் நிறைவதைப் பார்த்து "நல்லவேளை, எல்லாம் வெளியே வந்துவிட்டது" என்று நாம் நிம்மதி அடைகிறோம். உண்மையில் அதில் ஒரு பகுதி, குழாய் இல்லாவிட்டால் எலும்பை விட்டு வெளியே வந்தே இருக்காது. அது முழுக்க நல்ல இரத்தம்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. எலும்பு அறுவைகளில் குழாய் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்ட 36 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007இல் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 5,464 நோயாளிகள். காயத்தில் கிருமித் தொற்று, இரத்தக்கட்டு, தையல் பிரிதல், மறுபடி அறுவை என எதிலும் இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. குழாய் வைத்தவர்களுக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவைதான் கூடுதலாக இருந்தது. குழாய் வைக்காதவர்களுக்குத் தோல் அதிகமாகக் கன்றியது, கட்டின் மேல் இன்னொரு கட்டு போட வேண்டியிருந்தது. முட்டி மாற்று அறுவையில் வடிகுழாய் வேண்டாம் என்பதற்கு வலுவான சான்று உண்டு என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் கழகமும் 2015 வழிகாட்டியில் எழுதியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2004இல் வந்த வேறொரு கணக்கு. முட்டி மாற்றியவர்களின் இரத்த இழப்பை, கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக் கணக்கிடாமல், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரத்தப் பரிசோதனையை வைத்துக் கணக்கிட்டார்கள். சராசரியாக ஒன்றரை லிட்டர் வந்தது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். அந்த ஒன்றரை லிட்டரில் ஏறக்குறைய பாதி, பாட்டிலிலும் விழவில்லை, துணியிலும் படியவில்லை. தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் ஒளிந்துகொண்டது. ஆக, குழாய் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும் என்ற நம்பிக்கையே சரியில்லை. டப்பாவில் எழுதியிருக்கும் மில்லிலிட்டரை வைத்து இழப்பை எடைபோடுவதும் சரியில்லை. அறுவைக்கு மறுநாள் ஹீமோகுளோபின் பார்ப்பது இதனால்தான்.

இன்று நிலைமை இன்னும் மாறிவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து. பிரசவத்தில் இரத்தம் போய் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று தேடிய ஜப்பானிய ஆய்வாளர் உதாகோ ஒகமோதோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும் 1962இல் உலகுக்குத் தெரிவித்தது. இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற இழைகள் வலை பின்னுகின்றன. அந்த வலையைக் கரைக்கவும் உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. கரைக்க வரும் புரதம் வலையைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் இந்த மருந்து போய் அடைத்துக்கொள்கிறது. போட்ட முடிச்சு அவிழாமல் நிற்கிறது. இதை ஊசியாகவும் போடலாம், மூட்டுக்குள் நேராக ஊற்றவும் செய்யலாம். ஊற்றிய இடத்தில் குழாயும் திறந்திருந்தால் மருந்தையும் அது உறிஞ்சிவிடும் என்பதால், குழாய் வைப்பவர்கள் கொஞ்ச நேரம் அதைக் கவ்வி மூடி வைப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே போக ஒரு வழி இருந்தால், அது உள்ளே வரவும் வழிதான். தோலில் வாழும் கிருமிகள் குழாயின் ஓரமாக உள்ளே நகரக்கூடும். நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு கூடுகிறது. குழாய் வைத்தாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவது அதனால்தான். வெளியே இழுக்கும்போது சுரீரென்று வலிக்கும் என்பதை அம்மா இன்றும் மறக்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போவதும் எளிதில்லை. முட்டி மாற்றியவரை அன்றோ மறுநாளோ நடக்க வைப்பதுதான் இப்போதைய முறை.

இதற்காகக் குழாய் வைக்கும் மருத்துவர் தவறு செய்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே போட்ட மூட்டைக் கழற்றி மாற்றும் பெரிய அறுவை, கிருமி தாக்கிய மூட்டைக் கழுவும் அறுவை, எளிதில் இரத்தம் உறையாதவர்கள் என்று பல இடங்களில் அதை வைக்கக் காரணம் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு உண்டு, நமக்கு இல்லையே என்று ஒப்பிடத் தேவையில்லை. சந்தேகம் என்றால் தாராளமாகக் கேட்கலாம், சொல்லுவார்கள்.

குழாய் வைக்காத காலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கட்டு கொஞ்சம் நனைவது சகஜம். திடீரென்று முட்டி பெருத்துத் தோல் இறுகினாலும், நாள் கணக்கில் காயம் கசிந்துகொண்டே இருந்தாலும், கெண்டைச்சதை கல்லாகி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் இடது காலில் நான்காம் நாள் தொடையின் பின்பக்கம் கருநீலமாகக் கன்றியிருந்தது. ஒரு வாரத்தில் அது கணுக்கால்வரை இறங்கியது. பயந்துபோய் மருத்துவரிடம் காட்டினோம். திசுக்களில் பரவிய இரத்தம் புவியீர்ப்பால் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் என்றார். பிறகு ஓரங்கள் பச்சையாயின, அப்புறம் மஞ்சளாயின. ஹீமோகுளோபினை உடம்பின் துப்புரவு அணுக்கள் உடைக்கும்போது முதலில் பச்சை நிறப் பொருளும் பிறகு மஞ்சள் நிறப் பொருளும் உண்டாகும். அதில் இருந்த இரும்பை எடுத்துச் சேமித்து, எலும்பு மஜ்ஜையில் புதுச் சிவப்பணு செய்யக் கொடுத்துவிடும். வலது முட்டியை மாற்றியபோது அந்த இரும்புச் சத்து, டப்பாவோடு சேர்ந்து குப்பைக்குப் போயிற்று. இந்தத் தடவை மூன்று வாரத்தில் அம்மாவின் கால் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.