மலைநாட்டுச் சுழியோடி முதலில் எதை வாங்க வேண்டும்?

நுவரெலியாவில் தண்ணீரைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கிப் பையில் போட்ட வெற்றுப் போத்தல், திருகோணமலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பு ஒடுங்கிக் கிடக்கும். திரும்பி வரும்போது கடற்கரையில் வாங்கிய மிக்ஸர் பைக்கற், றம்பொடை தாண்டுவதற்குள் வெடிக்கிற மாதிரி உப்பிவிடும். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். குறைகிற அந்த ஒரு பங்கைக் கடலுக்குள் ஈடுகட்ட இரண்டு மீற்றர் ஆழம் போதும். வளைவுக்கு வளைவு காது அடைத்து, எச்சில் விழுங்கி விழுங்கி நாம் மணிக்கணக்காக இறங்கும் மலையை, ஒரு சுழியோடி பத்துப் பதினைந்து விநாடியில் இறங்கிவிடுகிறார். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரண்டு மடங்கு. இருபதில் மூன்று மடங்கு.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சுழியோடுவதுதான் ஸ்கூபா. அதற்கென்று மேசையில் பரப்பிவைக்கிற சாமான்களில் பெரும்பாலானவை இந்த அமுக்கத்தைச் சமாளிக்க உண்டானவைதான். அந்தக் கண்ணோடு பார்த்தால் எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்பது தானாக விளங்கும்.

முதலில் மாஸ்க். நீச்சல் குளத்துக் கண்ணாடி இங்கே உதவாது. அது மூக்கை வெளியே விட்டுவிடுகிறது. கீழே போகப் போகக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுச் சுருங்கும். பத்து மீற்றரில் அது பாதியாகிவிடும். சுருங்கிய இடத்தை நிரப்ப வேறெதுவும் இல்லாதபோது கண்ணும் அதைச் சுற்றிய தோலும் உள்ளே இழுபடும். சின்ன இரத்த நாளங்கள் உடைந்து கண் செக்கச் சிவந்துபோகும். மாஸ்க் மூக்கையும் மூடுவதால், மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதி அந்தக் குறையை நிரப்பலாம். மூக்குப் பகுதி மெத்தென்ற சிலிக்கனாக இருக்க வேண்டும். அதன் மேலால் மூக்கைப் பிடித்து, மெதுவாக ஊதித்தான் காதைத் திறக்கிறோம். பனிக்காலச் சளியோடு மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அன்று கரையில் இருப்பதே நல்லது. சளி அடைத்த காது எந்த மாஸ்க்குக்கும் திறக்காது.

மாஸ்க்கைப் படம் பார்த்து வாங்கக் கூடாது. நான் அப்படித்தான் வாங்கினேன். சிவப்பு ஓரம் வைத்த அழகான மாஸ்க். முதல் நாளே ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. பட்டியை இறுக்கினால் சரியாகும் என்று நினைத்து இறுக்க இறுக்க, ஓரம் மடிந்து இன்னும் ஒழுகியது. கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது: பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால், எவ்வளவு விலையானாலும் வேறொருவருடையது. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில்தான் ஒழுகும். எனக்கும் பாதிக் காரணம் அதுதான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதை உள்ளே மாட்ட முடியாது, காம்பு ஓரத்தைத் தூக்கிவிடும். பவர் வைத்த கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கும், அதைக் கேளுங்கள். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலையிலேயே படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசை போட்டு இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவாவிட்டால் உள்ளே நுவரெலியா மூடுபனிதான்.

சிவப்பு ஓரத்தைப் பற்றி இன்னொன்று. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. நான் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்பு, பத்து மீற்றர் தாண்டியதும் சாம்பலும் கறுப்புமாகப் போய்விட்டது.

காலில் மாட்டும் துடுப்புக்கு அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. காலைக் கடிக்காமல், கழலாமல் இருந்தால் சரி. மலையேறிப் பழகிய கால்தானே என்று விறைப்பான துடுப்பை எடுக்காதீர்கள். கொழுந்து மலை ஏறும் தசை வேறு, இடுப்பிலிருந்து தண்ணீரை உதைக்கும் தசை வேறு. பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

உடம்போடு ஒட்டிப் போடும் இறப்பர் உடுப்பான வெட்சூட்டைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு வீறாப்பு உண்டு. “ஹட்டன் குளிரில் வளர்ந்தவனுக்கு நிலாவெளிக் கடல் குளிருமா?” குளிரும். கடல் 28 பாகை செல்சியஸில் இருந்தாலும், தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திச் செல்லும். உடம்பு 37 பாகை. முக்கால் மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும். ஸ்வெற்றரின் நூலுக்குள் அடைபட்ட காற்று நம்மைக் காப்பது போல, வெட்சூட்டின் நியோபிரீன் இறப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள்தான் காக்கின்றன. நம் கடலுக்கு மூன்று மில்லிமீற்றர் தடிப்பே தாராளம். தொளதொளவென்று இருக்கக் கூடாது: உள்ளே புகுந்த தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தால் சூடும் அதோடு போய்விடும். ஆழத்தில் அந்தக் குமிழிகளும் நசுங்கும். அதனால் மேலே உங்களை மிதக்கவைத்த சூட், கீழே கைவிட்டுவிடும். அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் காற்று ஊதும் மிதவைச் சட்டை.

மிதவைச் சட்டை, சிலிண்டர், ரெகுலேட்டர் மூன்றையும் தொடக்கத்தில் வாடகைக்கே எடுங்கள். வருடத்தில் நாலு நாள் கடலுக்குப் போகிறவர் இவற்றை வாங்கி, ஈரலிப்பான மலைவீட்டு அலுமாரியில் பூட்டிவைப்பது வீண். ஆனாலும் ரெகுலேட்டர் செய்கிற வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டரில் 200 பார், அதாவது கடற்கரைக் காற்றைப் போல ஏறத்தாழ இருநூறு மடங்கு அமுக்கத்தில் காற்று இருக்கிறது. அதை நேரே வாயில் வைக்க முடியாது. ரெகுலேட்டரின் முதல் கட்டம் அந்த அமுக்கத்தை, சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சுமார் பத்துப் பார் கூடுதலாக இருக்கும் அளவுக்கு இறக்கும். வாயில் இருக்கும் இரண்டாம் கட்டம், நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்தின் அமுக்கத்திலேயே காற்றைத் தரும். 1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியியலாளர் காஞானும் செய்துகாட்டிய உபாயத்தின் வழிவந்ததுதான் இது. இருபது மீற்றரில் ஒவ்வொரு மூச்சிலும் மூன்று மடங்கு காற்று உள்ளே போவதால், சிலிண்டரும் மூன்று மடங்கு வேகமாகக் காலியாகும்.

வாடகை ரெகுலேட்டரை இப்படிச் சோதியுங்கள். சிலிண்டரைத் திறக்குமுன், வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்றும் வரக் கூடாது, வந்தால் எங்கோ ஓட்டை. திறந்தபின், அமுக்கமானியைப் பார்த்தபடி நாலைந்து மூச்சு எடுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது உள்ளே அடைப்பு. காற்றில் எண்ணெய் வாடை அடித்தால், வேறு சிலிண்டர் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி, மாஸ்க்குக்கு அடுத்தபடியாக மலைநாட்டார் சொந்தமாக வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது டைவ் கணினியை. கைக்கடிகாரம் போல இருக்கும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை வைத்து, உடம்பில் கரைந்த நைதரசனைக் கணக்கிடும். கூடிய அமுக்கத்தில் மூச்செடுக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல் அது குமிழியாகும். மூட்டு வலி முதல் கைகால் செயலிழப்பு வரை கொண்டுவரும். மெதுவாக வந்தாலும், மீதி நைதரசன் கரையேறிய பிறகும் மணிக்கணக்காக வெளியேறிக்கொண்டே இருக்கும்.

கொழும்பாருக்குக் கரையோடு கதை முடிந்தது. நமக்கு முடியவில்லை. நாம் பஸ் ஏறி, இன்னும் ‘மேலே’ வருகிறோம். கணினியின் திரையில் சின்ன விமானப் படமும் பக்கத்தில் மணித்தியாலமும் தெரியும்: அதுவரை பறக்காதே என்று அர்த்தம். விமானத்துக்குள் அமுக்கம் அதிகபட்சமாக ஏறத்தாழ 2400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். நுவரெலியா 1868. அந்த விமானப் படத்தை நாம் பஸ் என்று வாசிக்க வேண்டும். மேலே வரும் வழியில் கட்டாயமாகத் தரித்து நிற்கத் தேவைப்படாத சாதாரணச் சுழியோடல் ஒன்றுக்குப் பிறகு 12 மணித்தியாலம், பல தடவை அல்லது பல நாள் இறங்கினால் 18 மணித்தியாலம் என்பது பறப்பதற்கு முன் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இடைவெளி. 600 மீற்றருக்கு மேலே ஏறும் சாலைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். ஹட்டன், பண்டாரவளை, ஹப்புத்தளை எல்லாம் அதன் இரு மடங்கு உயரம்.

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது தலைகாட்டும் பழைய மஸ்கெலியாக் கோவிலைப் பார்த்து, “அங்கேயே இறங்கலாமே” என்று கேட்கிற தம்பிமாருக்கு: உயரத்தில் இருக்கும் நன்னீரில் இறங்குவதற்குக் கணக்கே வேறு, பயிற்சியும் வேறு. முதலில் கடல்.

ஆகவே நிலாவெளிக்குப் பக்கத்திலுள்ள புறாத் தீவுக்குப் போகும்போது பயணத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசி இறக்கம் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு முடிந்தால், ஞாயிறு காலை ஏழுக்குப் பதினெட்டு மணித்தியாலம் ஆகிறது. அன்றிரவு நிலாவெளியில் தங்கி, காலையில் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு, எட்டு மணிக்குப் பிறகு வருகிற பஸ்ஸைப் பிடிக்கலாம். மிக்ஸர் பைக்கற்றை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஏறியிருக்கிறீர்கள் என்று அது காட்டும்.