பதக்கமா, மாராயமா?

சிங்கப்பூரில் தேசிய தினம் வந்தால் விருதுப் பட்டியலும் வந்துவிடும். அதில் 'பிங்காட்' என்று தொடங்கும் மலாய்ப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். பொதுச் சேவைக்கு ஒரு பிங்காட். அஞ்சாத துணிச்சலுக்கு 'பிங்காட் காகா பெர்காசா'. வீட்டில் நாம் சொல்வது மெடல். தமிழ்ச் செய்தியில் அது பதக்கம்.

மெடல் என்பதற்கு உலோகத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வேராகச் சொல்வார்கள். இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. சரி, பதக்கம்? வடமொழிப் 'பதகம்' தமிழில் பதக்கம் ஆனது. கல் பதித்து மார்பில் தொங்கவிடும் நகைக்கு அதுதான் பெயர். இன்று சிராங்கூன் சாலை நகைக்கடையில் பதக்கம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பந்தயத்தில் ஜெயித்தீர்கள் என்பார்கள்! அங்கே அது 'டாலர்'. பணத்தை வெள்ளி என்று சொல்லும் ஊரில் டாலர் கழுத்தில் தொங்குகிறது.

நீச்சலுக்கும் பதக்கம், போருக்கும் பதக்கம் என்பதுதான் எனக்குக் குறை. படைவீரனுக்கு வேந்தன் செய்யும் சிறப்பைத் தொல்காப்பியம் 'மாராயம்' என்கிறது. அதன் புறத்திணையியலில், படையெடுத்துச் செல்வதைப் பாடும் வஞ்சித்திணையின் துறைகளில் ஒன்று 'மாராயம் பெற்ற நெடுமொழி'. சிறப்புப் பெற்றவன் தன் வீரத்தைத் தானே எடுத்துப் பேசுவது நெடுமொழி. தற்பெருமைதான், ஆனால் இலக்கணமே இடம் கொடுத்த தற்பெருமை.

மாராயம் பட்டமாகவும் வரும், பொருளாகவும் வரும். படைத்தலைவனுக்கு 'ஏனாதி' என்ற பட்டம், கூடவே ஏனாதி மோதிரம். புறநானூற்றில் சோழிய ஏனாதி திருக்குட்டுவன் என்று பட்டம் பெயரோடு ஒட்டியே வருகிறது. இங்கே பொதுச் சேவைப் பதக்கம் வாங்கிய சிலர் பெயருக்குப் பின்னால் அதன் மலாய்ச் சுருக்கமான பிபிஎம் என்று போட்டுக்கொள்கிறார்களே, அப்படித்தான். அப்புறம் காலில் கட்டும் வீரக்கழல் இருக்கிறது. அதுவும் வீரனுக்குரிய அடையாளம்தான்.

அதனால் கையில் வாங்கும் பொருளைப் பதக்கம் என்றே சொல்லலாம், 'வீரப் பதக்கம்' என்றால் இன்னும் தெளிவு. அதைத் தந்து செய்யும் சிறப்புக்கு மாராயம் என்ற சொல்லை மீட்கலாம் என்பது என் கருத்து. செங்கல்பட்டுப் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கண்ணிவெடிமீது தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு அளித்த பதக்கம் பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ். அவர் பெற்றது மாராயம், நெடுமொழி பேசத்தான் அவர் இல்லை.