உங்கள் வீட்டுக் கேமரா யார் கணக்கில் இருக்கிறது?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீடு. மகன் பாரிஸில், அம்மா இங்கே தனியாக. மகனுடைய போனில் கேமரா தெரிகிறது, அம்மாவின் போனிலும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேமரா மாட்டுவதுதான் என் தொழில். பத்து நிமிட வேலை என்று நினைத்துக் கடலூரிலிருந்து வண்டியை எடுத்தேன்.

கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் மேல் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது' என்று வந்தது. கூடவே ஒரு போன் நம்பர், நடுவில் நட்சத்திரக் குறிகளோடு. மகனுடையது இல்லை. அந்த அம்மா கேஸ் புத்தகத்தை எடுத்து, பின்அட்டையில் எழுதியிருந்த நம்பரோடு ஒப்பிட்டார். "கேமரா மாட்ட வந்த பையனோடது தம்பி இது."

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேறு வேலையில் இருக்கிறான். போன் செய்தபோது, "அண்ணே, அந்த ஆப்பையே எப்பவோ அழிச்சிட்டேனே" என்றான். பொய் சொல்லவில்லை. ஆனால் ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது. கிட்டத்தட்ட இரண்டரை வருடமாக அந்த வீட்டு ஹாலுக்கு முதலாளி அவன்தான். மகனுக்குக் கிடைத்திருந்தது அவன் 'ஷேர்' செய்த பார்வை மட்டும். அவன் ஒருநாளும் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் கார்டின் நம்பர் சில மாதங்களில் இன்னொருவர் கைக்குப் போகும். அப்போது ஓடிபி யாருக்கு வரும்?

அவனை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையே செய்திருக்கிறேன். வீட்டுப் பெரியவருக்கு இமெயில் இருக்காது, ஓடிபி வராது, பொழுது சாயும், நெல்லிக்குப்பத்தில் அடுத்த வேலை காத்திருக்கும். சரி, நம் நம்பரைப் போட்டு முடித்துவிடுவோம் என்று கை போய்விடும்.

அவனிடமே சொல்லி, அவன் கணக்கிலிருந்து கருவியை நீக்க வைத்தேன். ஆள் கிடைக்காவிட்டால்? டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் பல மாடல்களில் வீட்டு நெட்வொர்க்கிலிருந்தே கழற்றிவிடலாம். அதுவும் இல்லையென்றால் பில்லையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். பழைய ஆட்கள் செய்வதுபோல போர்ட் ஃபார்வர்டிங் போட்டு வைத்திருந்தான். வெளியிலிருந்து வருகிறவரை நேராக டிவிஆர் வாசலுக்கு அனுப்பும் வழி அது. பாஸ்வேர்ட், கம்பெனி கொடுத்த அதே ஒன்று இரண்டு மூன்று. 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் பிடித்தது. கையில் அறுபது சொச்சம் ஆரம்பப் பாஸ்வேர்டுகள்; அதுதான் அதன் சாவிக்கொத்து. அப்படிப் பிடித்த கருவிகளிலிருந்து கோரிக்கைகள் வெள்ளமாகப் பாய, அந்த அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் முடங்கியதற்கு யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிய கேமராவும் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. இப்போது பல வீட்டு ஃபைபர் கனெக்ஷன்களில் போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. ரவுட்டரில் காட்டும் ஐபி, அதாவது இணைய முகவரி, 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம். வெளியிலிருந்து வருவது உங்கள் ரவுட்டர் வரை வந்து சேராது. உடனே "ஸ்டாட்டிக் ஐபி வாங்கிடுங்க சார்" என்று, மாறாத தனி முகவரியை வாங்கச் சொல்லி யாராவது வந்தால், வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன் நான். ஆப் வழியாகப் பார்த்தால் போதும். அது கம்பெனி சர்வர் வழியாகப் போவது பிடிக்காதவர்கள் வீட்டு நெட்வொர்க்குக்கு விபிஎன் என்ற பூட்டிய தனி வழி போடலாம். போர்ட்டை மூடினேன், கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணைத்தேன், பாஸ்வேர்டை மாற்றி, டிவிஆரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன்.

இன்னொன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 'கேமரா தெரியவில்லை' என்று வரிசையாக போன். டிவிஆருக்கு யூபிஎஸ் வைத்தவர்கள் ஃபைபர் மோடத்தை அதில் மாட்ட மறந்திருந்தார்கள். நெட் போனாலும் ஹார்ட் டிஸ்க்கில் பதிவு ஓடும் என்று சொல்லித்தான் தூங்க அனுப்பினேன்.

லாஸ்பேட்டை அம்மாவின் நம்பரிலேயே கணக்குத் தொடங்கி, மகனுக்கு ஷேர் செய்து, பட்டியலைக் காட்டினேன். "இப்ப இவன் மட்டும்தானே பார்ப்பான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஹால் கேமராவை வாசல் பக்கம் திருப்பிடு தம்பி" என்றார். ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பாரிஸிலிருந்து போன்.

"அம்மா, ஹால் தெரியலையே?"

"தெரிய வேணாம்டா. நைட்டியோட உட்கார்ந்து சீரியல் பார்க்கணும்."