மறுநாள் வந்து சேரும் அசதி

செட்டிநாட்டு வீடொன்றின் முகப்பிலிருந்து வளவை, அதாவது நடுமுற்றத்தை, கடந்து, கடைசிக் கட்டிலுள்ள அடுப்படிக்குப் போய் வருவதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை. கானாடுகாத்தானில் வாழும் என் அக்காவுக்கு, எங்கள் வழக்கில் ஆச்சிக்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அந்த நடையே ஒரு நாளின் பெரிய செலவாகிவிட்டது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அரை நாள் உட்கார்ந்து பலகார மாவு பிசைந்தார். அன்று மாலையும் மறுநாள் காலையும் முகம் தெளிவாகவே இருந்தது. மறுநாள் இரவு படுத்தவர் எழுந்து நடமாடப் பத்து நாள் ஆயிற்று.

இந்தத் தாமதம்தான் நாட்பட்ட களைப்பு நோயின் அடையாளம். சாதாரண அசதி ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். இந்நோயிலோ, உடல் உழைப்போ மூளை உழைப்போ, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து எல்லா அறிகுறிகளையும் மோசமாக்கி, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்கவைக்கிறது. அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பு 2015இல் வகுத்த வரையறையும் இதையே கட்டாய அறிகுறியாக்கியது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பு, தூங்கி எழுந்தும் தெளியாத உடல் ஆகியவற்றோடு, நினைவும் கவனமும் தடுமாறுவது அல்லது எழுந்து நின்றால் நிலைமை மோசமாவது என்ற இரண்டில் ஒன்றும் இருக்க வேண்டும். நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே, எளிதில் சிகிச்சையளிக்கக்கூடிய இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் இல்லை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உடலுக்குள் நடப்பதைக் காட்டும் சோதனைகளில் இருநாள் மிதிவண்டிச் சோதனை முக்கியமானது. முகமூடி வழியே ஆக்சிஜனை அளந்தபடி ஒருவரை மிதிக்கச் செய்து, மறுநாளும் அதையே செய்யச் சொல்வார்கள். உடற்பயிற்சியே செய்யாத ஆரோக்கியமானவருக்கும் இரண்டு நாள் அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நோயாளிகள் பலருக்கு இரண்டாம் நாள், முந்தைய நாளைவிடக் குறைந்த உழைப்பிலேயே தசைகள் ஆக்சிஜன் வழியை விட்டு, குறைந்த ஆற்றல் தரும் மாற்று வழியை அதிகம் நாட வேண்டியதாகிறது. படுத்தே கிடந்ததால் வந்த பலவீனம் என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. சோதனையே நோயாளியைப் படுக்கையில் தள்ளக்கூடும் என்பதால் எல்லோருக்கும் செய்வதற்கில்லை.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகும் மக்கள் வாழும் ஊர்ப்பக்கம் இது. நடந்தால் எதுவும் சரியாகும் என்று ஆச்சியிடம் சொல்லாதவர்கள் இல்லை. ஒரு மருத்துவரும் அதையே சொன்னார். அதற்கு ஆதாரமாக நெடுநாள் காட்டப்பட்டது, 2011இல் வெளியான, 641 பேர் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வான 'பேஸ்'. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனநடத்தைச் சிகிச்சையும் பலன் தருவதாக அது அறிவித்தது. ஆனால் ஆய்வில் சேர உடலியக்க மதிப்பெண் நூற்றுக்கு 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் (மதிப்பெண் கூடினால் நலம்). குணமடைந்தவர் எனக் கொள்ள வைத்த அளவுகோல்களில் அதே மதிப்பெண் 60 இருந்தாலே போதும் என்று பின்னர் மாற்றப்பட்டிருந்தது. அதாவது, அந்த ஓர் அளவில் நோயாளியாகச் சேர்ந்த அன்றே ஒருவர் குணமடைந்தவராகவும் இருக்க முடியும்! 2016இல் தீர்ப்பாயம் ஒன்றின் உத்தரவால் தரவுகள் வெளிவந்தன. முதலில் திட்டமிட்ட அளவுகோலில் கணக்கிட்டபோது, குணமடைந்தோர் விகிதத்தில் சிகிச்சைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2021இல் அந்த உடற்பயிற்சி முறையைப் பரிந்துரைக்கக் கூடாது என்றது. அந்த முடிவை எதிர்க்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. என் மனம் நோயாளிகள் பக்கமே நிற்கிறது.

குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. நம்பிக்கை தந்த ரிடுக்சிமாப் என்ற மருந்து 2019இல் வெளியான நார்வே ஆய்வில் பலிக்கவில்லை. 15,579 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த 'டீகோட்எம்இ' திட்டம் 2025இல் வெளியிட்ட முதற்கட்ட முடிவில், நோயோடு தொடர்புடைய எட்டு மரபணுப் பகுதிகளைக் காட்டியிருக்கிறது. நோயெதிர்ப்போடும் நரம்போடும் தொடர்புள்ளவை அவற்றில் உண்டு.

அதுவரை, வரவுக்குள் செலவு செய்வதே வழி. ஆச்சி அடுப்படியில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார். வெங்காயத்தை உரித்ததும் பட்டாலை என்னும் உள்திண்ணையில் அரை மணி நேரம் கண்மூடிப் படுக்கிறார், களைப்பு தெரியத் தொடங்குவதற்கு முன்பாகவே.