பெனிட்ரன்ஸ்: ஊடுருவலா, புலப்படுதகவா?

புள்ளியியல் மரபியல் முதுகலையில் ஒரே ஜீனால் வரும் மெண்டல் பண்புகளைத் தொட்டதுமே எல்லாரும் முட்டிக்கொள்ளும் சொல் பெனிட்ரன்ஸ். அகராதியைப் பார்த்து 'ஊடுருவல்' என்று குறித்துக்கொண்டால், ஜீன் எதையோ துளைத்துக்கொண்டு உள்ளே போவது போல ஒரு படம் மனதில் விழுந்துவிடும், அப்புறம் அதை அழிப்பது பெரும்பாடு. இங்கே எதுவும் எதற்குள்ளும் ஊடுருவவில்லை. ஒரு பண்பை உண்டாக்கக்கூடிய ஜீனாக்கம், அதாவது ஜீன் வடிவங்களின் சேர்க்கை, ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பண்பு அவர் உடலில் வெளியே தெரிவதற்கான நிகழ்தகவு எவ்வளவு? அதுதான் பெனிட்ரன்ஸ். அந்த ஜீனாக்கம் உள்ள நூறு பேரில் எண்பது பேருக்குப் பண்பு தெரிந்தால் 80 சதவீதம்.

ஆறு விரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் விரல் எல்லாமே பரம்பரையாக வருவதில்லை, ஆனால் பரம்பரையாக வரும் வகைகளில் பல ஓங்கு பண்புகள், ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் அந்த வடிவம் (அல்லீல்) இருந்தாலே போதும். ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) ஆறு விரல், அப்பச்சிக்கு (அப்பா) ஐந்துதான், பேரனுக்கு மறுபடி ஆறு என்றால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆச்சிமார் கொஞ்சமும் அசரமாட்டார்கள். "ஐயா பேரைத்தானே வச்சிருக்கு, விரலையும் சேர்த்து எடுத்துக்கிட்டான்" என்று முடித்துவிடுவார்கள். பேரன் என்பதே பெயரன்தான், ஐயாவின் பெயரை வாங்குகிறவன், அதனால் ஒரு தலைமுறையைத் தாண்டி வருவது நமக்கு இயல்பாகவே படுகிறது. ஆனால் பெயர் தாண்டுகிற மாதிரி அல்லீல் தாண்டாது. அது அப்பச்சி வழியாகத்தான் வந்தது, அவரிடம் இருந்தது, தெரியவில்லை, அவ்வளவே.

சொல்லின் வேர் லத்தீன். 'பெனட்ராரே' என்றால் உள்ளே புகுதல். 'பெனுஸ்' என்னும் உள்ளறை, தானியம் வைக்கும் அறை, இதற்கு உறவு, ரோமானியர்களின் வீட்டுத் தெய்வங்களான 'பெனாட்டெஸ்' என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். (சாமி வீட்டில் முன்னோருக்குப் படைப்புப் போடுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.) மரபியலுக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஆஸ்கார் ஃபோக்ட், 1926இல், ஜெர்மன் மொழியில் 'பெனட்ரன்ட்ஸ்' என்று. லெனினின் மூளையை ஆராய மாஸ்கோ அழைத்த அதே மூளை ஆராய்ச்சியாளர்தான். அவருடைய பெர்லின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த டிமோஃபீவ்-ரெசோவ்ஸ்கி பழ ஈக்களில் ஒரு சடுதிமாற்றத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இறக்கை நரம்பு ஒன்று பாதியில் நின்றுவிடும், ஆனால் ஜீனின் இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்த ஈக்களிலும் சிலவற்றுக்கு நரம்பு முழுசாகவே இருந்தது. இதைச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது. கூடவே இன்னொரு பெயரையும் ஃபோக்ட் வைத்தார், எக்ஸ்பிரசிவிட்டி. தெரிகிறதா இல்லையா என்பது முதலாவது. தெரிந்தால் எவ்வளவு தெரிகிறது என்பது இரண்டாவது: ஒருவருக்கு நகத்தோடு முழு விரல், அவர் தங்கைக்குச் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு சதை மொட்டு. இந்த இரண்டையும் குழப்பாத மாணவரை நான் பார்த்ததில்லை.

மெண்டலுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1866இல் அவர் வெளியிட்ட கணக்கில் உருண்டைப் பட்டாணி 5474, சுருங்கியது 1850, கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. அவர் எடுத்த பண்புகளில் பெனிட்ரன்ஸ் முழுசாக இருந்ததால்தான் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வெளிப்பாட்டு வீதம்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜீனிலிருந்து புரதம் உருவாவதை ஏற்கனவே 'மரபணு வெளிப்பாடு' என்கிறோம், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் தொலைந்தோம். என் ஓட்டு 'புலப்படுதகவு'. நிகழ்தகவு என்பது வினைத்தொகை, புலப்படுதகவும் அப்படியே. இது ஒரு நிகழ்தகவு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்கும் எண் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. முழுமையாக இல்லாததைக் குறை புலப்படுதகவு எனலாம். எக்ஸ்பிரசிவிட்டிக்குப் புலப்பாட்டுச் செறிவு.

எண் என்று தெரிந்தால் என்ன லாபம் என்று பாருங்கள். ஐயாவிடம் ஒரு அல்லீல், புலப்படுதகவு 0.8, வேறு காரணத்தால் ஆறு விரல் வராது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விரலோடு பிறந்த மகனிடம் அந்த அல்லீல் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இருந்தும் தெரியாதது 0.5 × 0.2 = 0.1, இல்லாதது 0.5. ஆக 0.1 ÷ 0.6, அதாவது ஆறில் ஒன்று. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு ஆறு விரல் வர 1/6 × 1/2 × 0.8, பதினைந்தில் ஒன்று. 'ஊடுருவல்' என்று படித்தவருக்கு இந்த 0.2 எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

இந்த 0.8 எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான சிக்கல். செட்டிநாட்டு நகரத்தாரிடம் கொடிவழிக்குப் பஞ்சமில்லை, கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரத்தில் ஐயா பெயரும் அப்பச்சி பெயரும் இருக்கும். ஆனால் அது பங்காளி வழிக் கணக்கு. கட்டிக்கொடுத்த மகளும் அவள் பிள்ளைகளும் வேறு கோயில் புள்ளிக்குப் போய்விடுவார்கள், அல்லீலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இதைவிடப் பெரிய கோளாறு, பண்பு நிறையப் பேருக்கு இருக்கும் குடும்பம்தான் மருத்துவமனைக்கு வந்து ஆய்வில் சேர்கிறது. பண்பு தெரியாதவர்கள் பின்னத்தின் கீழ் எண்ணில் விடுபட்டால் தகவு ஏறித்தான் வரும். வயதும் சேர்ந்துகொள்ளும்: நரம்பு செல்களைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயில், ஜீனில் திரும்பத் திரும்ப வரும் சிஏஜி என்ற மூன்றெழுத்து மீள்வரிசை 40 அல்லது அதற்கு மேல் என்றால் தகவு முழுமை, 36 முதல் 39 வரை குறைவு, ஆனால் 40க்கு மேல் உள்ளவரையும் இருபது வயதில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

நோய் ஜீன் குரோமோசோமில் எந்த இடத்துக்கு அருகே இருக்கிறது என்று குடும்பத் தரவிலிருந்து தேடும் லிங்கேஜ் நிரலில் இதையெல்லாம் மூன்று எண்ணாகக் கொடுக்க வேண்டும், அல்லீல் இல்லாதவர், ஒன்று உள்ளவர், இரண்டு உள்ளவர் என்ற வரிசையில்: 0, 0.8, 0.8. முதல் எண்ணை அப்படியே பூஜ்யமாக விட்டுவிடாதீர்கள். வேறு காரணத்தால் ஆறு விரல் வந்த ஒரே ஒருவர் குடும்பத்தில் இருந்தாலும், நிரல் அவரையும் அல்லீல் உடையவர் என்றே பிடித்துக்கொள்ளும், நடக்காத மறுசேர்க்கை (குரோமோசோம் துண்டுகள் இடம் மாறுவது) ஒன்று கணக்கில் முளைக்கும், 1955இல் மரபியலாளர் நியூட்டன் மார்ட்டன் வைத்த 3 என்ற லாட் (பிணைப்புக்கான சான்றின் அளவு) எல்லையைத் தொடவேண்டிய குடும்பம் அதற்குக் கீழேயே நின்றுவிடும். 0.001 போட்டாலும் போதும்.