அரை டிகிரிச் சூரியனும் கண்ணாடித் தந்தியும்

மின்சாரமும் கம்பியும் இல்லாமல், 12.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டக் கண்ணாடியைக் கொண்டு 50 கிலோமீட்டருக்கு அப்பால் செய்தி அனுப்ப முடியும். கராச்சியில் பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ் 1869இல் உருவாக்கிய ஹீலியோகிராஃப், சூரிய ஒளியைக் கண்ணாடியால் தொலைதூரத்துக்குத் திருப்பி மினுக்கி அதைச் செய்தது. முக்காலி, கண்ணாடி, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக மாற்றிய மோர்ஸ் குறிகளைத் தட்ட ஒரு சாவி, கருவி அவ்வளவுதான்.

இதன் இயக்கம் முழுவதையும் ஒரே ஒரு அளவு தீர்மானிக்கிறது. வானில் சூரியத் தட்டு ஏறக்குறைய அரை டிகிரி அகலமாகத் தெரிகிறது. தட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் கதிர்கள் சற்றே மாறுபட்ட கோணங்களில் பட்டுத் திரும்புவதால், கண்ணாடி எவ்வளவு சமதளமாக இருந்தாலும் கற்றை அரை டிகிரி விரிந்தே செல்லும். 50 கி.மீ. தொலைவில் அது சுமார் 450 மீட்டர் அகலமாகிவிடும். அப்படி விரிந்தால் ஒளி மங்கிப்போகாதா? மங்கும்தான். ஆனாலும் தெளிந்த காற்றில், அந்த வட்டத்துக்குள் நிற்பவருக்குப் பட்டப்பகலிலேயே வெள்ளிக் கோளை விஞ்சும் ஒளிப்புள்ளி தெரியும். சூரியனின் பிரகாசம் அத்தகையது! வட்டத்துக்கு வெளியே நிற்கும் எதிரியின் கண்ணுக்கோ எதுவும் படாது.

சிக்கல், சூரியன் நகர்வதில் இருக்கிறது. நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கண்ணாடியை அப்படியே விட்டால் ஒரே நிமிடத்தில் கற்றை எதிர்முனையைத் தாண்டிவிடும். இதற்குக் கருவியிலேயே உள்ள ஏற்பாடுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. கண்ணாடியின் நடுவில் புள்ளியளவு இடத்தில் ரசம் பூசப்பட்டிருக்காது. பின்னாலிருந்து அதன் வழியே பார்த்து, முன்னே நிற்கும் குறிக்கம்பியைத் தொலைதூர நிலையத்தோடு நேராக்குவார்கள். ரசமில்லாத இடம் ஒளியைத் திருப்பாது என்பதால் கற்றையின் நடுவில் ஒரு கரும்புள்ளி விழும். அது கம்பியின் நுனியை விட்டு விலகாதபடி திருகாணிகளைத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும்; குறி தவறாது.

சாவியை அழுத்தினால் கண்ணாடி சற்றே சாயும். கண்ணாடி கால் டிகிரி சாய்ந்தாலே கற்றை அரை டிகிரி திரும்பிவிடும். அதனால்தான் மோர்ஸின் புள்ளியையும் கோட்டையும் விரைவாக அனுப்ப முடிந்தது. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் இரண்டாவது கண்ணாடி ஒன்று ஒளியை வாங்கித் தரும்.

1899இல் தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரம் முற்றுகையிடப்பட்டுத் தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டபோது, வெளியுலகத் தொடர்புக்கு இந்தக் கண்ணாடிகள் கைகொடுத்தன. அதற்கு முன்பே, 1894இல், அமெரிக்க ராணுவத்தினர் யூட்டாவின் எலன் மலைக்கும் கொலராடோவின் அன்கம்பாக்ரே சிகரத்துக்கும் இடையே சுமார் 295 கி.மீ. தூரத்துக்குச் செய்தி பரிமாறியிருந்தனர். சமவெளியில் பூமியின் வளைவு இதில் சிறு பகுதியைக்கூடத் தாண்ட விடாது. அதற்காகவே 3,500 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தது.