மூலிகையும் மருந்துதான்: சுகர் உள்ளவர்கள் சத்து மாத்திரை வாங்கும் முன்

சுகர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பொடியைச் சாப்பிடு, அந்த வைட்டமினைப் போடு என்பார்கள். எது சர்க்கரையைக் குறைக்கும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை உடம்பில் எதைக் குறைக்கிறது? புதிதாகச் சேர்ப்பது அந்த மாத்திரையோடும், சர்க்கரையை அளக்கும் கருவியோடும் ஒத்துப்போகுமா?

மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது இதைத்தான். நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். உணவில் இருக்கும் பி12 நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோகிறது. அங்குள்ள செல்கள் அந்த ஜோடியைப் பிடித்து உள்ளே இழுக்கக் கால்சியம் தேவை. அந்தக் கால்சியம் வேலையில்தான் மெட்ஃபார்மின் குறுக்கிடுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

குறைபாடு உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 கையிருப்பு இருக்கும். அது கரைந்த பிறகுதான் பாதம் மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற எரிச்சலும் தலைகாட்டும். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் இதே தொல்லைகள்தான். அதனால் பழி சர்க்கரை மேல் விழுந்துவிடும், பி12-ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். மெட்ஃபார்மினின் பக்கவிளைவாக பி12 குறைவது அரிதல்ல, சகஜம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவித்தது. அதிக டோஸில் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள், அசைவம் தொடாதவர்கள் எல்லாரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. குறைவு என்று வந்தால் பி12 கட்டாயம் தேவை. சத்து மாத்திரைகளில் இவ்வளவு தெளிவான காரணம் உள்ளவை குறைவு.

அதற்காக ‘நரம்பு மாத்திரை’ என்று பி வைட்டமின்களை மொத்தமாக அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரத்துப்போக வைக்கும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால், பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். கனடாவில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரில் ஒரு பாதிக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக டோஸில் கொடுத்தார்கள். சிறுநீரகம் தேறும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் சிறுநீரகச் செயல்பாடு வேகமாகக் குறைந்தது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் கூடின.

அடுத்தது கருவி. தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் சர்க்கரையை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதிலுள்ள நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. அவை மின்முனைக்கு வந்து சேரும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தைத்தான் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. வைட்டமின் சி-யும் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள். எது எங்கிருந்து வந்தது என்று மின்முனைக்குத் தெரியாது, எல்லாவற்றையும் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடும். நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் அளவு பொய்யாக உயரலாம் என்று சில சென்சார்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு. இன்சுலின் போடுபவர் அந்தப் பொய் எண்ணை நம்பி இரண்டு யூனிட் கூட்டிப் போட்டால், இறங்குவது நிஜமான சர்க்கரை.

முடி, நகத்துக்கான மாத்திரைகளில் இருக்கும் பயோட்டினும் இதே ரகம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். மாத்திரையிலோ 10 மில்லிகிராம் வரை இருக்கும், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது புரட்டிப்போடும். இரும்புச்சத்து விஷயம் இன்னும் விசித்திரம். அது குறைந்திருந்தால், ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை வைத்து மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, இருப்பதைவிட அதிகமாகக் காட்டலாம். இரும்பு மாத்திரை தொடங்கியதும், சர்க்கரை அதிகம் ஒட்டாத இளம் சிவப்பணுக்கள் நிறைய வரும், எண் இறங்கும். சர்க்கரை என்னவோ அதே இடத்தில்தான் இருக்கும்!

வைட்டமின் டி பற்றி ஒரு வரி போதும். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் பாதிப் பேர் தினமும் 4,000 யூனிட் எடுத்தும் நோய் வருவது சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. டி குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சாப்பிடலாம், சர்க்கரைக்காக வேண்டாம்.

சரி, மூலிகைகள்? அவை வேலையே செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். மெட்ஃபார்மினின் பூர்வீகமே கலேகா என்ற செடிதான். வெந்தயத்தின் கரையும் நார் குடலில் கூழாகி, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. வேலை செய்கிறது என்றால் அதுவும் மருந்து என்றுதானே பொருள்? கிளிமெபிரைடு வகை மாத்திரைகள், சர்க்கரை குறைவாக இருக்கும்போதும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுபவை. அதோடு பாகற்காய்ச் சாறு குளிகையோ சிறுகுறிஞ்சானோ சேர்ந்தால் லோ சுகர் வரலாம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும்.

இதைவிட மோசம், லேபிளில் இல்லாத சரக்கு. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் கடும் லோ சுகருடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. ‘இயற்கை மருந்து, இரண்டே நாளில் சுகர் இறங்கும்’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒன்றைத் தொடங்குவதென்றால், அதை மட்டும் தொடங்குங்கள். அதே வாரத்தில் நடைப்பயிற்சி, உணவு மாற்றம், இன்னொரு பொடி என்று எல்லாவற்றையும் சேர்த்தால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பணுவின் ஆயுள் கிட்டத்தட்ட 120 நாள் என்பதால் எச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதில் மாற்றமே இல்லையென்றால் அந்த டப்பாவை மறுபடி வாங்க வேண்டியதில்லை.